சகலையின் சொனாட்டா

குரும்பலூரில் என் மாமியார் வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பாட்டு மாப்பிள்ளை. வேறு எதை வைத்தும் எனக்குப் பெயர் வைக்க முடியாது என்பதால் வந்த பெயர். பெரம்பலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். எறையூர்ப் பக்கம் கோயில் திருவிழா, திருமானூரில் கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகு மேடையை விட்டு இறங்குகிற ஆள் நான். ஆனாலும் தெருவில் யாராவது விசாரித்தால் மாமியார், "மூத்தவரு பாட்டு மாப்ள, சின்னவரு சிமெண்ட் மாப்ள" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் நான் முன்னால் நின்றேன். யாராவது விசாரிக்க மாட்டார்களா என்று அந்தத் தெருவில் மெதுவாகத்தான் நடப்பேன்.

சிமெண்ட் மாப்பிள்ளை என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் லேப்பில் வேலை. ஆலை அரைத்துத் தள்ளுவதில் ஒரு கரண்டி எடுத்து, சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது அவர் பொறுப்பு. சொந்த வீடு, கார், இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. இதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டதே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், என் மனைவி இதைப் படிப்பாள் என்பது ஞாபகம் வந்துவிட்டது. பட்டேன். ஆனால் ஒரு அளவோடு பட்டேன். அவருக்கு ஃபிரிட்ஜ், எனக்குப் பாட்டு என்று மனசுக்குள் ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தேன்.

அந்தப் பாகப்பிரிவினையை அவர்தான் முதலில் மீறினார்.

"ஏங்க, தங்கச்சி வூட்டுக்காரரு பியானோ வாங்கியிருக்காராம்" என்றாள் மனைவி. திருச்சியில் யாரோ விற்றதாம். மினி லாரியில் வந்து இறங்கியதாம். இறக்க ஆறு பேராம்.

"என்னாத்துக்கு?"

"வாசிக்கத்தான்."

"அவருக்குத் தெரியாதே."

"கத்துக்கப் போறாராம். அதான் ஃபோன்லயே எல்லாம் சொல்லித் தராங்களாமே."

நான் சிரித்தேன். கொஞ்ச நேரம் சேர்த்தே சிரித்தேன். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு டிரெட்மில் உண்டு. அதில் என் கொழுந்தியா ஈரத் துண்டு காயப்போடுவாள். பியானோ பெரிசு, அதில் போர்வையே காயும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காததை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போயிருந்தோம். மாமியாரும் அங்கே வந்திருந்தார். பியானோ ஹாலில் சுவரோடு சுவராக நின்றது. தெருவில் லாரிகள் ஓடி வருகிற வெள்ளைத் தூசி படாமலிருக்க ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். பார்க்க உட்கார்ந்தபடி தூங்குகிற பெரியவர்போல இருந்தது. சகலை வேட்டியை எடுத்து நான்காக மடித்து வைத்தார். மூக்குக்கண்ணாடி போட்டார். சுரம் எழுதிய பேப்பரை நேராக வைத்தார். லேப்பில் கரண்டி எடுப்பவரின் நிதானம் எல்லாவற்றிலும் இருந்தது.

"ஒரு சொனாட்டாண்ணே. மொத பகுதி மட்டும். பதினோரு மாசமா இது ஒண்ணுதான்" என்றார். இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ பியானோவுக்கென்றே எழுதியது. யார் என்றும் சொன்னார். எனக்குள் வேறு சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் பெயர் காதில் ஏறவில்லை.

பதினோரு மாதத்தில் நாங்கள் முந்நூறு பாட்டாவது வாசித்திருப்போம். ஒரே பாட்டுக்குப் பதினோரு மாதமா என்று மனசுக்குள் எகத்தாளமாகக் கேட்டுக்கொண்டே சோபாவில் சாய்ந்தேன். அவர் ஆரம்பித்தார். சாய்ந்தவன் நிமிர்ந்துவிட்டேன்.

ஆரம்பமே கல்யாண மண்டபத்துக்குள் மாப்பிள்ளை வருகிற மாதிரி இருந்தது. மூன்று தட்டு, தட் தட் தட், நான் வந்துவிட்டேன் என்று. உடனே ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு மறுபடி அந்த மூன்று தட்டு. அதற்குப் பதிலாக வேறொரு சிரிப்பு. இடது கை தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரே சீராக ஆடிக்கொண்டிருக்க, வலது கை மேலே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டது. அவ்வளவு மரியாதையான கேள்வி, அவ்வளவு மரியாதையான பதில். பின்னால் டிரம்ஸ் இல்லை, டிராக் இல்லை, நடை மட்டும் பிசகவேயில்லை. கொஞ்சம் போனதும் ஒரு இடத்தில் எல்லாம் நின்றது. கையைத் தூக்கிவிட்டார். ஒன்றுமே இல்லை. எங்கள் குழுவில் அப்படி ஒரு இடம் வந்தால் நாலு பேரும் பாய்ந்து எதையாவது போட்டு நிரப்பிவிடுவோம். சகலை அதைச் சும்மா விட்டார். அந்தச் சும்மாவிலிருந்து இரண்டாவது பாட்டு வந்தது. இது வேறு ஆள். செருப்பை வாசலில் விட்டு, வெறுங்காலோடு மெதுவாக நடந்து வருகிற ஆள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற ஆள்.

முடிந்ததும் மனைவி, கொழுந்தியா, மாமியார் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் துறையில் தீர்ப்புச் சொல்ல நான்தானே ஆள்.

"நல்லாருக்கு சகல. ஆனா பாட்டுன்னு ஒண்ணு நிக்கலியே. கூடச் சேந்து பாட முடியாது பாருங்க."

"ஆமாண்ணே. பாட முடியாது" என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதுதான் எரிச்சலாக இருந்தது.

வாசல் வரை வந்த மாமியார், காரைக்குடியிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு விருந்தாளிக்கு எங்களை அறிமுகம் செய்தார். "மூத்த மாப்ள, கீபோர்டு. சின்ன மாப்ள, சிமெண்ட்டு, அப்பறம் பியானோ." அறிமுகத்தில் அவருக்கு இரண்டு சொத்து. எனக்கு ஒன்று, அதுவும் அவருடையதைவிடச் சின்னதாகக் கேட்டது.

பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். அதே பகுதியை நான் இரண்டு மாதத்தில் வாசிப்பேன். அவர் வாசித்ததை, எங்கள் குழுவுக்குக் காட்டுவதற்கென்று சொல்லி, ஃபோனில் பதிவு செய்திருந்தேன். அதிலிருந்து காதால் எடுத்தேன். எனக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கம் இல்லை, எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. பேப்பர் என்றால் எங்களுக்குப் பாட்டு வரிசை எழுதுவது, வடை மடிப்பது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாடுகிறவர்கள் ஆளுக்கொரு சுருதியில் பாடுவார்கள். ஒருவருக்கு ஏற்றிப் போடச் சொல்வார்கள், ஒருவருக்கு இறக்கிப் போடச் சொல்வார்கள். படித்தவன் ஒவ்வொரு சுருதிக்கும் விரல்களை மாற்றி வாசிப்பான். நாங்கள் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டிவிடுவோம். வேண்டிய சுருதியை முன்கூட்டியே அந்தப் பட்டனில் ஏற்றி வைத்தால் போதும். சத்தம் ஏறும், இறங்கும். விரல் மட்டும் அதே வெள்ளைக் கட்டைகளிலேயே நடக்கும். இருபது வருடத்தில் என் விரல்கள் கறுப்புக் கட்டைகளைத் தூரத்துச் சொந்தக்காரர்களாகத்தான் பார்த்திருக்கின்றன.

சகலையின் சொனாட்டாவில் முதல் பாட்டு ஒரு சுருதியில் இருந்தது. அதற்கே மூன்று கறுப்புக் கட்டை வேண்டும். இரண்டாவது பாட்டு வரும்போது சுருதியே வேறு இடத்துக்கு மாறிவிடும். எனக்கென்ன கவலை. முதல் சுருதி ஒன்றாம் பட்டன், அடுத்தது இரண்டாம் பட்டன். முதல் பாட்டு முடிகிற அந்த மௌனம் இருக்கிறதே, அதை ஏன் விட்டு வைத்தார்கள் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். பட்டன் தட்டத்தான்.

நடுவில் ஒரு பெரிய கலாட்டா வரும். முதல் பாட்டின் அந்த மூன்று தட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருட்டான சுருதிகளிலெல்லாம் அலைவார்கள். மாப்பிள்ளையை மண்டபத்தை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய மாதிரி இருக்கும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு பட்டன் வேண்டும். வெட்டிவிட்டேன். வரவேற்பில் மணப்பெண் வீட்டார் சாப்பிட நகர்ந்தால் இரண்டாம் சரணத்தை வெட்டுவோமே, அது மாதிரி.

காலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பேன். வெளியே கட்டைகளின் டக்டக் சத்தம் மட்டும்தான் கேட்கும். தேங்காய் துருவிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"என்ன, டைப்ரைட்டிங் லோயர் பரீட்ச எழுதப் போறீங்களா?"

"ஒரு வேல இருக்கு."

"எங்க கச்சேரி?"

"அரியலூர்ல."

துருவுவதை நிறுத்தினாள். "தேவையாங்க இது?" என்றாள். தேவை என்று நான் சொல்லவில்லை. ஒலியை ஏற்றிக்கொண்டேன்.

அந்த வருடம் காணும் பொங்கலுக்கு எல்லாரும் சகலை வீட்டில் கூடினோம். கரும்பு, கறிச்சோறு, அதன்பிறகு வருகிற அந்த மதிய மந்தம். சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் ஹாலில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். மாமியார் நாற்காலியில் இருந்தார். கொழுந்தியா அடுப்படியிலிருந்தே தன் கணவரிடம், "அத வாசிங்களேன்" என்றாள். அவர் எழுந்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"சகல, நான் ஒரு தரம் பாக்கட்டுமா?"

அவர் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, உண்மையாகவே மலர்ந்தது. "வாங்கண்ணே, வாங்க. நீங்க தொட மாட்டீங்களான்னுதான் இத்தன நாளா பாத்துட்டிருந்தேன்." வேட்டியை அவரே எடுத்து மடித்தார்.

உட்கார்ந்தேன். என்ன வாசிக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. கையை வைத்து, வெள்ளைக் கட்டையில் தட் தட் தட் என்று ஆரம்பித்தேன். பின்னால் ஒரு சலசலப்பு. மனைவி "அய்யோ" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. சுருதி கொஞ்சம் இறங்கி இருக்கிறதே என்று பட்டது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன். விரல் நன்றாகவே ஓடியது. சகலையைவிட வேகம். அவர் பதினோரு மாதம் உழுத நிலத்தில் நான் பைக் ஓட்டிக்கொண்டிருந்தேன். மௌனம் வந்தது. பழக்கத்தில் இடது கை தானாக மேலே எழுந்து, இரண்டாம் பட்டனைத் தட்டியது.

டொக்.

அங்கே பட்டன் இல்லை. மரம்தான் இருந்தது. நூறு வருடத்துக் கெட்டி மரம். விரலில் வலி ஏறியது, அதற்குப் பிறகுதான் விஷயம் ஏறியது. இந்தப் பியானோவில் எங்கேயும் பட்டன் கிடையாது. முதுகுக்குப் பின்னால் பதினைந்து பேர், பக்கத்தில் சகலை, கீழே எனக்குத் தெரிந்த வெள்ளைக் கட்டைகள் மட்டும். வேறு வழியில்லாமல் இரண்டாவது பாட்டையும் அதே இடத்தில், அதே சுருதியில் வாசித்தேன். கலாட்டாவை ஏற்கெனவே வெட்டியாயிற்று. முதல் பாட்டுக்குத் திரும்ப ஒன்றாம் பட்டனைத் தேடி மறுபடி டொக் (விரலுக்கு அவ்வளவு சீக்கிரம் புத்தி வராது), மறுபடி முதல் பாட்டு, மறுபடி இரண்டாம் பாட்டு. முடித்துவிட்டேன்.

கைதட்டினார்கள். மாமியார் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, "நடுவுல ஒரு தட்டு தட்டுனீங்களே மாப்ள, அது ரொம்ப நல்லாருந்துச்சு" என்றார். சின்னவர் அதைத் தட்டவில்லையே என்று யாரோ கேட்டார்கள். ஒரு நொடி நான் ஜெயித்தே விட்டேன்.

சகலையைப் பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "விரலு அபாரம்ண்ணே. ஆனா நீங்க பஸ் ஏறவே இல்லியே."

"எந்த பஸ்ஸு?"

"அது ஊர விட்டுப் போவணும்ண்ணே. ரெண்டாவது பாட்டு வேற ஊர்ல இருக்கு. போயி, நடுவுல அலஞ்சு, அப்பறம் திரும்பி வரணும். நீங்க இங்கயே இருந்துட்டீங்க." குத்திச் சொல்லவில்லை. லேப் ரிப்போர்ட் வாசிப்பதுபோலச் சொன்னார். குத்தியிருந்தால் திருப்பிக் குத்தியிருப்பேன்.

"அப்ப நீங்க வாசிங்க" என்றேன்.

"பேப்பர் திருப்ப மட்டும் நீங்க நில்லுங்கண்ணே. எப்பவும் இவதான் திருப்புவா, இன்னிக்கி அடுப்படில நிக்கிறா. நான் தலைய ஆட்டுனா திருப்புங்க."

இருபது வருட அனுபவமுள்ள பாட்டு மாப்பிள்ளை, சிமெண்ட் மாப்பிள்ளைக்குப் பேப்பர் திருப்ப நின்றேன். பதினைந்து பேர் பார்த்தார்கள். மேடையில் எங்கள் குழுவில் மைக் கம்பி சுருட்டுகிறவருக்குக்கூட ஸ்டூல் உண்டு. எனக்கு அதுவும் இல்லை. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, எங்காவது தப்பு வராதா என்று நின்றேன். ஒரே ஒரு தப்புப் போதும், பெரிதாகக்கூட வேண்டாம்.

அவர் மெதுவாகத்தான் வாசித்தார். மாப்பிள்ளை வந்தார். சிரித்தார். மௌனம் வந்தது, அதில் யாரும் மரத்தைத் தட்டவில்லை. இரண்டாவது பாட்டு வந்தபோது, ஹெட்போனில் நூறு முறை கேட்டும் எனக்குப் பிடிபடாத ஒன்று பிடிபட்டது. தரை மாறியிருந்தது. பேச்சு அதே வீட்டாரின் பேச்சுதான், ஆனால் வேறு வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அங்கே எல்லாம் கொஞ்சம் வெளிச்சமாக, கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டினார், திருப்பினேன். பிறகு நான் வெட்டிப்போட்ட கலாட்டா. எதை வெட்டினேன் என்பது அதைப் பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த மூன்று தட்டும் கர்வமெல்லாம் போய், ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு போனது. யாரும் திறக்கவில்லை. கடைசியில் இடது கை ஒரே சுரத்தில் நின்று நின்று இறங்க, வீட்டு வாசல் தெரிந்தது. தட் தட் தட். அதே தட்டுதான். இந்தத் தடவை அது வந்துவிட்டேன் என்று மிரட்டவில்லை, வந்து சேர்ந்துவிட்டேன் என்றது.

இரண்டாவது பாட்டும் இதே வீட்டுக்கு வரப் போகிறது என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. செருப்பை வெளியே விட்டு, தயங்கி, உள்ளே. மௌனம். நான் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

வரவில்லை.

சகலை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எத்தனை முறை ஆட்டினாரோ. பாட்டு அடுத்த பக்கத்தில் இருந்தது. பேப்பர் இல்லாமல் அவருக்கு ஒரு சுரம் வராது. பேப்பரின் ஓரத்தைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணே" என்றார்.

திருப்பினேன். அவசரத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து திரும்பி, பேப்பர் கட்டைமேல் விழுந்து, கீழே போனது.

அந்தப் பதினைந்து பேரின் முகத்திலும் ஒரே வரி எழுதியிருந்தது, நோட்டேஷன் தெரியாத நானே அதைப் படித்துவிட்டேன். மாமியார்தான் வாயைத் திறந்தார். "திருப்பியிருக்கலாம்ல மூத்த மாப்ள."

"கவனிக்கல அத்தை."

"பக்கத்துலதான நின்னீங்க."

"பரவால்ல அத்தை, மொதல்லேர்ந்து வாசிச்சிடறேன்" என்று சகலை பேப்பரைப் பொறுக்கினார். மொதல்லேர்ந்து வாசித்தார். இந்தத் தடவை திருப்புவதற்கு அடுப்படியிலிருந்து கொழுந்தியா வந்து நின்றாள். கையில் கரண்டியோடு. நான் பால்கனிப் பக்கம் போய் நின்று கரும்பு கடித்தேன். அந்த இரண்டாவது பாட்டு வீட்டுக்குள் வந்ததை முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். கடிப்பதை நிறுத்தினால் கேட்கிறேன் என்று தெரிந்துவிடும், அதனால் சத்தமில்லாமல் கடித்தேன்.

சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் மனைவி. குன்னம் தாண்டியதும் கேட்டாள்.

"வேணும்னுதான பண்ணீங்க?"

"இல்ல."

"சும்மா சொல்லுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"நெசமாத்தான். கேட்டுட்டே நின்னுட்டேன்."

"எத?"

அவர் வாசித்ததை, என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இரண்டு சொல்லில் முடிகிற விஷயம். இருபது வருடக் கச்சேரியில் நான் என் கையையே மறந்து நின்ற ஒரே நேரம் சிமெண்ட் மாப்பிள்ளை வாசித்தபோதுதான் என்பதை, அவர் மனைவியின் அக்காவும் என் மனைவியுமான ஒருத்தியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போகும் வரை யோசித்தேன்.

"ஆமா" என்றேன். "வேணும்னுதான் பண்ணேன். பொறாமை."

மனைவிக்கு அப்படி ஒரு நிம்மதி. "எனக்குத் தெரியாதா உங்கள" என்று முழங்கையால் இடித்துச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் ஃபோனை எடுத்துத் தங்கைக்குப் போட்டுவிட்டாள்.

"ஏய், நான் சொன்னேன்ல, வேணும்னுதானாம். அவரே சொல்லிட்டாரு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு. இவள் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி வூட்டுக்காரரு கேக்கறாரு. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றீங்களான்னு."

"எதுக்காம்?"

"பேப்பர் திருப்பத்தான். வேற எதுக்கு?"

"வேல இருக்குன்னு சொல்லு."

என் விரல்கள் முன்சீட்டுக் கம்பியின்மேல் இருந்தன. இரண்டாவது பாட்டு. நடுவில் ஒரு கை தானாக எழுந்து இல்லாத பட்டனைத் தட்டப் போய், பாதியில் நின்று, கம்பிக்கே திரும்பி வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஃபோனில் சொன்னாள்.

"வராராம்டி."